நாளைப் போவாரும் நாளை என்பாரும்

நந்தன் கதையைக் கேளாத தமிழர் மலேசியத் தோட்டங்களில் மிகச் சிலரே இருப்பர். ரப்பர்த் தோட்டங்கள் தமிழரால் நிறைந்திருந்த காலத்தில் கோயில் திருவிழா இரவுகளிலும் பஜனை மடங்களிலும், பின்னர்த் திரைப்படமாகவும் இசைத்தட்டாகவும், இக்கதை நம்மவரிடம் வந்து சேர்ந்தது. கேட்டவர் கண்ணீர் விட்டனர். நந்தன் சோதியில் கலந்ததும் கைகூப்பினர். பொழுது விடிந்ததும் பெரட்டுக் களத்துக்குச் சென்றனர். புராணங்களை ஏற்காத நம்மைப் போன்ற சீர்திருத்தக்காரர்க்கும் நந்தனை முழுவதும் தள்ளிவிட மனம் வருவதில்லை. அவன் நம்மவன், நம் பாட்டன் பூட்டனைப் போல மண்ணில் உழைத்தவன், ஆண்டையிடம் விடுமுறை கேட்டு நின்றவன்.

இக்கதையைப் பற்றி இதுகாறும் எழுதியவர் பெரும்பாலும் இரு கட்சியினர். பக்தியின் பெருமையை உரைத்தவர் ஒருசாரார். சாதியின் கொடுமையை இடித்துரைத்தவர் மற்றொரு சாரார். இரண்டும் வேண்டியவையே. ஆயினும் இக்கதையில் மூன்றாவதாக ஒரு பொருள் உண்டு. அஃது அச்சம். அறுபத்து மூன்று நாயன்மாருள், செய்த செயலால் அன்றி, செய்யாது தள்ளிவைத்த நாட்களால் பெயர் பெற்றவர் இவர் ஒருவரே. ‘திருநாளைப்போவார்’ என்னும் பெயரில் ‘திரு’ என்னும் அடைமொழியை நீக்கிப் பார்த்தால் எஞ்சுவது ஓர் ஏழையின் தயக்கம். இவரை ‘நாளை, நாளை’ என்று சொல்ல வைத்தது யார்? அவரே அஞ்சினாரா? அல்லது அவரைச் சுற்றி நின்றோர் அனைவரும் அஞ்சினரா? இக்கேள்வியை வைத்துக்கொண்டு நந்தன் கதையின் வடிவங்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் சேக்கிழாரை நோக்குவோம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அவர் பாடிய பெரியபுராணத்தில் நந்தனாருக்கு ஆண்டை எவரும் இலர். ஆதனூர்ச் சேரியில் பிறந்து, கோயில் முரசுகளுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுத்துத் தொண்டு செய்து வாழ்கின்றார். தில்லைக்குச் செல்ல வேண்டும் என்னும் வேட்கை எழுகின்றது, உடனே தம் பிறப்பை நினைக்கின்றார், அடங்குகின்றார். மீண்டும் வேட்கை எழுகின்றது. ‘நாளைப் போவேன்’ என்று சொல்லிக்கொள்கின்றார். எவரும் அவரைக் கையைப் பிடித்துத் தடுக்கவில்லை. தடை முழுவதும் அவர் நெஞ்சினுள்ளே கட்டப்பட்டிருக்கின்றது. கட்டியவர் யாரென்று சேக்கிழார் சொல்வதில்லை; ஆனால் அக்கட்டடம் எத்துணை உறுதியானது என்பதை அவர் நன்கு காட்டுகின்றார். ஒருநாள் துணிந்து புறப்பட்டுத் தில்லையின் எல்லையை அடைந்தவர், அங்கே வேள்விச் சாலைகளைக் கண்டதும் கால் எழாமல் நிற்கின்றார். ஊருக்குள் நுழையாமல் இரவும் பகலும் எல்லையையே சுற்றி வருகின்றார். சட்டமும் காவலும் இல்லாத இடத்திலும் அடிமை தானே தன் வேலியைச் சுற்றி வருவான் என்னும் உண்மையை இதனினும் தெளிவாகக் காட்டிய பகுதி தமிழில் அரிது.

இன்னும் நுட்பமான ஓரிடம் உண்டு. நந்தனாரைத் தீயில் மூழ்குவித்து உள்ளே அழைக்குமாறு இறைவன் கனவில் ஆணையிட, தில்லைவாழ் அந்தணர் கோயில் வாயிலில் கூடுகின்றனர். அவர்கள் அச்சத்தோடு கூடினர் என்றே சேக்கிழார் பாடுகின்றார். பக்தர்கள் இச்சொல்லை இறைவனிடத்து வைத்த பயபக்தி என்று கொள்வர். அவ்வாறே கொள்வோம். அப்பொழுதும் ஒரு கேள்வி எஞ்சுகின்றது. ஆண்டவனே அழைத்த ஒருவனுக்குத் தீ எதற்கு என்று அங்கே கூடியவருள் ஒருவராவது கேட்டாரா? கேட்கவில்லை. நந்தனாரை ‘ஐயரே’ என்று விளித்தனர், வணக்கமாகப் பேசினர், தீயையும் மூட்டினர். மரியாதையாகப் பேசிக்கொண்டே தீ மூட்டுவது எளிது. ஆணையின்படி செய்தோம் என்று சொல்லிக்கொள்வதும் எளிது. திருப்புன்கூரில் கல்லாலான நந்தி விலகி நந்தனாருக்கு வழிவிட்டது என்று புராணம் கூறும். தில்லையில் மனிதர் எவரும் தம் விருப்பால் ஓரடி விலகியதாக அது கூறவில்லை.

இனி, கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்கு வருவோம். 1860களின் தொடக்கத்தில் அச்சேறிய இந்நூல் கதாகாலட்சேபத்துக்கென எழுந்தது. இதற்குச் சிறப்புப் பாயிரம் வேண்டி மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பாரதியார் சென்றார். நூலில் இலக்கண வழுக்கள் மலிந்திருந்தமையாலும், சேக்கிழார் கூறாதவற்றைப் பாரதியார் சேர்த்திருந்தமையாலும் பிள்ளையவர்கள் தயங்கினார். பாரதியாரைப் பலமுறை வெறுங்கையோடு திருப்பியனுப்பினார். பின்னர் ஒருநாள் பாரதியார் திண்ணையில் அமர்ந்து பாடியதைக் கேட்டு உருகிப் பாயிரம் அளித்தார். உ. வே. சாமிநாதையர் எழுதியுள்ள இச்செய்தி இலக்கிய அன்பர் பலரும் அறிந்ததே. நாளைப் போவாரின் கதையைப் பாடியவரும் பிள்ளையவர்கள் வீட்டு வாயிலில் பல நாள் ‘நாளை’ என்னும் விடையையே பெற்றார் என்பதை நினைக்குந்தோறும் எனக்குச் சிரிப்பும் வருத்தமும் கலந்து வருகின்றன.

பிள்ளையவர்களின் குறை, இலக்கண அளவில், நேர்மையானதே. ஆனால் சேக்கிழார் கூறாததைச் சேர்த்தமையே பாரதியாரின் பெருஞ்சிறப்பு என்பது என் துணிபு. அவர் சேர்த்த முதன்மையான பாத்திரம் வேதியர், நிலத்துக்கு உடையவர். இவ்வொரு பாத்திரத்தால் நந்தனின் அச்சம் நெஞ்சிலிருந்து வெளியே வந்து வரப்பின்மேல் நிற்கின்றது. அதற்கு முகமும் குரலும் கோலும் உண்டாகின்றன. நந்தன் இனித் தன் பிறப்பை மட்டும் நினைத்து அடங்குபவன் அல்லன். ஓர் உடையவனின் உத்தரவுக்குக் காத்திருக்கும் பண்ணையாள். சிதம்பரம் போக உத்தரவு தரவேண்டும் என்று அவன் கெஞ்சும் இடங்களில் பாரதியார் கண்முன் கண்ட தஞ்சை மாவட்டத்து வயல்வெளி முழுவதும் பேசுகின்றது.

அவர் சேர்த்த மற்றொரு கூட்டமும் கவனிக்கத்தக்கது. சேரியின் மூத்தோர் நந்தனைக் கண்டு அஞ்சுகின்றனர். இவனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது, நம் தெய்வங்கள் கோபிக்கும், ஆண்டையின் கோபம் நம் எல்லார்மேலும் விழும் என்று அவர்கள் கலங்குகின்றனர். ஆண்டையிடம் முறையிடவும் செல்கின்றனர். இப்பகுதியைக் கேட்டு நகைப்பவர் உண்டு. நகைப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. அடிபடுவோர் ஒருவரையொருவர் அடக்கிவைத்தால் அடிப்பவனுக்கு வேலை குறைவு. இதைப் பாரதியார் அறிந்திருந்தார்.

நம் முன்னோர் இக்கதையில் ஏன் இவ்வளவு ஒன்றினர் என்பதற்கு இதுவே விடை. ரப்பர் வெட்ட வந்த தமிழரில் கணிசமானோர் தஞ்சை, திருச்சி, ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களின் சேரிகளிலிருந்து கங்காணிகளால் அழைத்துவரப்பட்டவர். ஆண்டையின் வரப்பிலிருந்து புறப்பட்டுத் துரையின் நிரையில் வந்து நின்றவர். மரத்துக்கு மரம் சென்று பால் வெட்டியவருக்கு, ஊரில் தாய் இறந்த செய்தி வந்தாலும் உத்தரவு இன்றிப் புறப்பட இயலாது. அவர்கள் நந்தனைப் பார்த்து அழுதது சிவனை நினைத்து மட்டும் அன்று. தாம் கேட்கத் துணியாத விடுமுறையை நினைத்துமாகும்.

இத்துணை உண்மையாகக் கதையை நடத்திவந்த பாரதியார், மிக முக்கியமான இடத்தில் வழுவுகின்றார் என்று கூற வேண்டியவனாக இருக்கின்றேன். வேதியர் ஒரு நிபந்தனை விதிக்கின்றார். நாற்பது வேலி நிலத்தின் வேளாண்மையை முடித்துவிட்டுச் சிதம்பரம் போ என்கின்றார். ஒரு வேலி ஏறக்குறைய ஆறே முக்கால் ஏக்கர். நாற்பது வேலி இருநூற்றறுபது ஏக்கருக்கு மேல். முடியாததைச் செய்துவிட்டு உன் உரிமையைப் பெற்றுக்கொள் என்பது நிபந்தனை அன்று, மறுப்பு. மறுப்பைச் சொல்ல வெட்கப்படும் அதிகாரம் நிபந்தனையாகச் சொல்லும். இதுவரை பாரதியாரின் கை தளரவில்லை. அடுத்து நிகழ்வது யாது? சிவகணங்கள் இரவோடிரவாக வேலையை முடித்துவிடுகின்றன. விளைந்து நிற்கும் வயலைக் கண்ட வேதியர் நடுங்கி நந்தன் காலில் விழுகின்றார்.

கேட்போர் மகிழ்கின்றனர். யானும் சிறுவனாயிருக்கையில் மகிழ்ந்தேன். இப்பொழுது மீண்டும் நினைத்தால் இம்மகிழ்ச்சி நம்மை ஏமாற்றுவது தெரிகின்றது. வேதியர் திருந்தியது எதனால்? ‘இவனும் மனிதன், இவனைத் தடுக்க எனக்கு உரிமை இல்லை’ என்று அவர் உணர்ந்ததனால் அன்று. தம்மினும் பெரிய வல்லமை ஒன்று நந்தன் பின்னே நிற்பதைக் கண்டு அஞ்சியதனால். நேற்றுவரை நந்தன் ஆண்டைக்கு அஞ்சினான்; இன்று ஆண்டை ஆண்டவனுக்கு அஞ்சுகின்றான். அச்சம் கைமாறியதேயன்றி அழியவில்லை. விளையாத வயலுக்குச் சொந்தக்காரராகிய வேதியர் ஒருவர், எந்த அற்புதமும் காணாமல், ‘போய் வா’ என்று சொல்லியிருந்தால் அதுவன்றோ அறம்? அந்த ஒரு சொல்லைச் சொல்லும் சிரமத்திலிருந்து வேதியரைக் கணங்கள் காப்பாற்றிவிட்டன. கேட்போரையும் காப்பாற்றிவிட்டன. கணங்கள் வராத சேரியில் மற்றைய பண்ணையாட்களுக்கு மறுநாள் விடுமுறை கிடைத்ததா என்று நாம் கேட்பதே இல்லை.

ஈண்டுத் திருக்குறளைத் துணைக்கு அழைப்பது தகும். வள்ளுவர் அச்சத்தை முழுவதும் பழிக்கவில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். அறத்துப்பாலில் ‘தீவினையச்சம்’ என்று ஓர் அதிகாரம் வகுத்தார். பொருட்பாலில் ‘அவையஞ்சாமை’ என்று மற்றோர் அதிகாரம் வகுத்தார். அஞ்சத் தக்கதற்கு அஞ்சுவது அறிவுடையார் தொழில் என்று அறிவுடைமையில் கூறினார். மூன்றையும் சேர்த்துப் படித்தால் ஒரு தெளிவு பிறக்கின்றது. அச்சமே இல்லாத வீரனை வள்ளுவர் தேடவில்லை. அஞ்ச வேண்டுவது எது, அஞ்ச வேண்டாதது எது என்று பிரித்தறிபவனைத் தேடுகின்றார். தீமை செய்வதற்கு மிகவும் அஞ்சுகின்றவன், மேலதிகாரியின் முகச்சுளிப்புக்கு அஞ்சுவதைக் குறைத்துக்கொள்ளத்தான் வேண்டும். நெஞ்சில் இரண்டு அச்சங்களுக்கு ஒரே அளவு இடம் இராது.

வள்ளுவர் இதனோடும் விடவில்லை. வினைத்தூய்மையில், பெற்ற தாய் பசித்திருக்கக் காண நேர்ந்தாலும் சான்றோர் பழிக்கும் செயலைச் செய்யலாகாது என்கின்றார். இஃது எளிய வாக்கு அன்று. நம்மவர் அறத்திலிருந்து வழுவும்போதெல்லாம் முன்னே நிறுத்துவது தாயையும் மனைவி மக்களையுமே. அந்தச் சாக்கு நாவில் எழுமுன்னரே வள்ளுவர் அதன் வாயை அடைத்துவிடுகின்றார். இது கொடியது என்று சிலர் குறை கூறலாம். கொடியதுதான். ஆயினும், பசித்த தாயை எண்ணிப் பார்த்த பிறகே அவர் இதைச் சொல்கின்றார் என்பதால், உண்ட வீட்டில் அமர்ந்து செய்த உபதேசம் என்று இதனைத் தள்ள இயலவில்லை.

பாரதியாருக்குப் பின் நந்தனை எடுத்தாண்டோரைச் சுருக்கமாக நோக்குவோம். 1935இல் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்த படமும், 1942இல் தண்டபாணி தேசிகர் நடித்த படமும் பாட்டால் நின்றன. கதையில் அவை பாரதியாரை விட்டுப் பெரிதும் விலகவில்லை. புதுமைப்பித்தன் 1930களில் எழுதிய ‘புதிய நந்தன்’ என்னும் சிறுகதை வேறு வகையது. பழைய ஆதனூரில் புதிய கொள்கைகள் வந்து மோதுகின்றன. ரயில் பாதையில் அகப்பட்ட கிழவனைக் காக்க ஓடிய மகனும் அக்கிரகாரத்து இளைஞனும் கிழவனோடு சேர்ந்து மடிகின்றனர். ஒருவன் சுயமரியாதைக்காரன், மற்றவன் காந்தியார் வழியினன். ரயிலின் முன் பாயும் உடல் துணிவு இருவர்க்கும் இருந்தது. உயிரோடு இருந்தபொழுது ஊரை எதிர்த்து ஒன்றாக நிற்கும் துணிவே கிட்டவில்லை. 1970களில் இந்திரா பார்த்தசாரதி இயற்றிய ‘நந்தன் கதை’ நாடகமோ, தீயை அற்புதமாகக் காட்டாமல் சூழ்ச்சியாகவே காட்டிவிட்டது. அது நேர்மையான திருத்தம். எனினும் அதிலும் நந்தன் சாகின்றான். சேக்கிழாரிலிருந்து இந்நாள் வரை, நந்தன் எரிய வேண்டும் என்பதில் நம் ஆசிரியர்கள் ஒருமித்தே நிற்கின்றனர். கதவைத் திறக்கக்கூடிய ஒருவன் எழுந்து சென்று கதவைத் திறந்தான் என்று எழுதியவரைக் காணோம்.

இலக்கியத்தில் காணாத அம்மனிதரை வரலாற்றில் காணலாம். 1939ஆம் ஆண்டு சூலை 8ஆம் நாள் மதுரையில் நிகழ்ந்ததை இளைஞர் பலர் அறியார். வழக்கறிஞர் அ. வைத்தியநாத ஐயர், பின்னாளில் அமைச்சரான கக்கன் முதலிய தாழ்த்தப்பட்ட வகுப்புத் தோழர்களையும், நாடார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலினுள் நுழைந்தார். கோயிலின் நிர்வாக அதிகாரி ஆர். எஸ். நாயுடு அவர்களைத் தடுக்காமல் வரவேற்றார். வைத்தியநாத ஐயரைச் சுற்றத்தார் ஒதுக்கிவைத்தனர். வைதிகர் சினந்தனர், வழக்குகளும் எழுந்தன. அவர் நம் இயக்கத்தினர் அல்லர், காங்கிரசுக்காரர், பார்ப்பனர். அதனால் அச்செயலின் மதிப்பை நாம் குறைத்துச் சொன்னால் நாமும் பிறப்பைப் பார்த்தே எடைபோடுகின்றவராவோம். வைக்கத்தில் 1924இல் பெரியார் சிறை சென்றதைப் போற்றும் அதே நாவால் இதையும் போற்றுவதே நேர்மை.

இந்நிகழ்ச்சியில் என் கருத்தை மிகவும் கவர்ந்தவர் அந்த நிர்வாக அதிகாரியே. வைத்தியநாத ஐயர் தலைவர். கொள்கைக்காக வெளியே வந்தவர். நாயுடுவோ சம்பளம் பெறும் ஊழியர். சாவியும் பேரேடும் அவர் பொறுப்பு. ‘மேலிடத்து உத்தரவு வரட்டும், நாளைப் பார்ப்போம்’ என்று அவர் சொல்லியிருந்தால் அதனைக் குற்றம் என்று எவரும் சொல்லியிரார். அத்தகைய அதிகாரிகளையும் கோயிலுக்குள் நுழைந்தவர்களையும் காக்கும் சட்டத்தைச் சென்னை அரசாங்கம் 1939இல் இயற்றியது உண்மை. ஆனால் அச்சட்டம் கதவு திறந்த பின்னரே வந்தது. இதைக் கவனிக்க வேண்டும். சட்டம் காக்கும் என்று தெரிந்தபின் செய்வது கடமை. காக்குமோ காக்காதோ என்று தெரியாத அந்தச் சில நாட்களில் செய்வதே துணிவு. சேக்கிழாரும் பாரதியாரும் எழுதாது விட்ட பக்கத்தை அவ்வதிகாரி தம் கையால் எழுதினார். தீயும் இல்லை, கனவும் இல்லை, கணங்களும் இல்லை. உள்ளே சென்றவர்கள் எரியாமல் வெளியே வந்தனர்.

அதற்கு முன்னரே, 1916இல், சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் கல்விக் கழகம் கண்டார். நந்தன் எரிந்ததாகச் சொல்லும் ஊரில் நந்தன் பெயரால் பிள்ளைகள் எழுத்தறியத் தொடங்கினர். கதையைத் திருத்த அவர் நூல் எழுதவில்லை, பள்ளி திறந்தார். அதுவும் சிறந்த விமரிசனமே.

ஆங்கிலப் பள்ளியில் பயின்ற எனக்கு இப்பொருள் பற்றி முதலில் நினைவுக்கு வந்தது நார்வே நாட்டு இப்சனின் ‘மக்கள் பகைவன்’ என்னும் 1882ஆம் ஆண்டு நாடகமே என்பதை மறைக்க விரும்பவில்லை. ஊருக்கு வருவாய் தரும் நீராடு துறையின் நீர் நஞ்சேறியது என்று கண்டு சொல்லும் மருத்துவரை ஊரே பகைக்கின்றது. நகரத் தலைவராயிருக்கும் உடன்பிறந்தவரே எதிர்க்கின்றார். வீட்டுச் சன்னல்கள் உடைகின்றன. தனித்து நிற்பவனே வலியவன் என்னும் முடிவுக்கு அம்மருத்துவர் வருகின்றார். இளமையில் அம்முடிவு என்னை மயக்கியது. இப்பொழுது அதில் ஒரு செருக்கைக் காண்கின்றேன். வைத்தியநாத ஐயர் தனித்து நுழையவில்லை. தனித்து நுழைய அவருக்குத் தேவையும் இல்லை, அவருக்குக் கதவு என்றும் திறந்தே இருந்தது. உடன் சென்ற தோழர்களின் துணிவு அவர் துணிவினும் பெரிது; அடிபட்டால் முதல் அடி அவர்களுக்கே. அதிகாரி ஒருவர், தலைவர் ஒருவர், தோழர் சிலர் என ஒருவர் துணிவு மற்றவர் துணிவுக்குத் தோள் கொடுத்தது. துணிவு தனிமையில் விளையும் பயிர் என்னும் எண்ணம், தனியனாகிய நமக்கு இஃது இயலாது என்று ஒதுங்குவதற்கே பெரும்பாலும் உதவுகின்றது.

இவ்வளவும் எழுதியவன் யோக்கியதை யாது என்று படிப்போர் கேட்கலாம். கேட்க வேண்டியதே. யான் நெகிரி செம்பிலானில் ஒரு தோட்டத்தில் கிராணி. தோட்டத்தின் பெயர் வேண்டா. முன்பு ரப்பர், இப்பொழுது செம்பனை. லயங்களில் தமிழர் குறைந்துவிட்டனர். இந்தோனேசியரும் வங்காள தேசத்தாரும் வாழ்கின்றனர். அலுவலகத்தில் ஓர் இரும்பு அலமாரி உண்டு. அதனுள் தொழிலாளரின் கடப்பிதழ்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அதன் சாவி என்னிடம் இருந்தது. ஒருவருடைய கடப்பிதழைத் தக்க அதிகாரமின்றிப் பிறர் வைத்திருத்தல் 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டத்தின்படி இந்நாட்டில் குற்றம். அடையாளப் பத்திரங்களைப் பிடித்து வைத்தலை வலுக்கட்டாய உழைப்பின் அடையாளங்கள் பதினொன்றில் ஒன்றாக அனைத்துலகத் தொழில் நிறுவனம் கூறுகின்றது. இவ்விரண்டும் எனக்குத் தெரியும். ‘பத்திரமாக இருக்கட்டும் என்று வைத்திருக்கின்றோம்’ என்று சொல்லவும் எனக்குத் தெரியும்.

லொம்போக் தீவைச் சேர்ந்த ஒரு தொழிலாளி ஒருநாள் மாலையில் வந்து நின்றான். தாய் நோயாய்க் கிடக்கின்றாள், போய்வர வேண்டும், கடப்பிதழைத் தாருங்கள் என்றான். மேலாளர் உத்தரவு இன்றிக் கொடுத்தால் அவர் முகம் என்ன ஆகும் என்பதை நினைத்தேன். தோட்டம் தந்த வீட்டையும், தமிழ்ப்பள்ளிக்குச் செல்லும் என் மகளையும் நினைத்தேன். ‘நாளை வா’ என்றேன். மறுநாளும் வந்தான், அதையே சொன்னேன். மூன்றாம் நாளும் சொன்னேன். நான்காம் நாள் அவன் வரவில்லை. தாய் இறந்துவிட்டாள் என்று மண்டோர் சொன்னார். அன்று மாலை அவன் வழக்கம்போல் குலைகளை வெட்டிவிட்டுத் திரும்பிச் செல்வதைச் சன்னலின் வழியே பார்த்தேன். அவன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நந்தன் கதையை நான் எத்தனை முறை கேட்டவன்! கேட்கும்போதெல்லாம் நந்தனோடு சேர்ந்து உருகியவன். என் பாட்டன் பால் வெட்டியவர் என்பதால் கதையில் என் இடம் நந்தன் பக்கம் என்றே இருந்துவிட்டேன். அலமாரியின் முன் நின்றபொழுதுதான் என் இடம் மாறிப் பல ஆண்டு ஆயிற்று என்று விளங்கியது. நான் வேதியரும் அல்லன். அவ்வளவு பெரிய நிலம் எனக்கு ஏது? தீ மூட்டுமாறு சொல்லப்பட்டு, மரியாதையாகப் பேசிக்கொண்டே விறகு அடுக்கியவர்களில் ஒருவன்.

பின்னர் நிகழ்ந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றேன். பெருமைக்கு அதில் இடமில்லை. மற்றொரு கிராணியோடும் மண்டோரோடும் பேசினேன். மூவரும் மேலாளர் அறைக்குச் சென்றோம். சட்டம் இன்னது கூறுகின்றது, இது தோட்டத்துக்கும் ஆபத்து என்றேன். குரல் நடுங்கியது, கையிலிருந்த தாளும் நடுங்கியது. அவர் சினக்கவில்லை, சற்று நேரம் சன்னலைப் பார்த்துவிட்டு, எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதிக் கொடுத்தோம். சில வாரங்களில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் தனிப் பெட்டியும் அதன் சாவியும் தரப்பட்டன. சில ஆண்டுகள் அஞ்சிய காரியம் ஒரு பிற்பகலில் சொல்லி முடிந்தது. எல்லாத் தோட்டத்திலும் இப்படி எளிதாக முடியும் என்று நான் சொல்லவில்லை. வேலை இழப்போரும் உண்டு. எளிதாக முடிந்ததே எனக்குப் பெரிய தண்டனையாயிற்று. மூன்று நாள் முன்னதாக அவ்வறைக்குள் சென்றிருந்தால் ஒரு மகன் தாயின் முகத்தைப் பார்த்திருப்பான்.

ஆதலின் நந்தன் கதையை இனித் தோட்டங்களிலும் நகரங்களிலும் படிப்போர்க்கும் நடிப்போர்க்கும் ஒரு வேண்டுகோள். அதனைத் தள்ள வேண்டா. சேக்கிழாரின் எல்லை வலத்தையும் பாரதியாரின் உத்தரவு கேட்கும் காட்சிகளையும் தமிழ் உள்ளவரை காப்பாற்ற வேண்டும், அவை உண்மை. கணங்கள் வயல் விளைக்கும் இடம் வந்ததும் கைதட்டுவதை மட்டும் சற்று நிறுத்திவைத்து, அன்றிரவு வேதியர் என்ன செய்திருக்கலாம், சேரி மூத்தோர் என்ன செய்திருக்கலாம், விறகு அடுக்கியோர் என்ன செய்திருக்கலாம் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். நம் வீட்டிலும் அலுவலகத்திலும் கோயில் குழுவிலும் சங்கத்திலும் யாரோ ஒருவர் இன்றும் நம் முன் வந்து நிற்கக்கூடும். நந்தனை நாளைப் போவாராக்கியவர், நாளை வா என்றவர். அவன் பெயரில் இருக்கும் குறை அவனுடையது அன்று.

அலமாரி இப்பொழுது காலியாக இருக்கின்றது. சாவியை இன்னும் என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கின்றேன். எவர்க்கும் பயன்படாத அச்சாவியை ‘நாளை எறிந்துவிடலாம்’ என்று சில முறை எண்ணியதுண்டு. எறியவில்லை. கண்ணில் படட்டும் என்று அங்கேயே கிடக்கின்றது.